அப்பா இறங்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தொழிற்சாலைக்கு மேலாளராக வந்த அமெரிக்கர் முதல் நாளே கேன்டீனில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார். கையில் எங்களைப் போலவே ஒரு பிளாஸ்டிக் தட்டு. சோறு போடுகிற மலாய்க்கார அம்மா அவரைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வரும்படி கையைக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எனக்குப் பிடரி வியர்த்துவிட்டது. விலகி வழிவிட்டால் தப்பா, விடாவிட்டால் தப்பா என்று புரியாமல், குழம்பு வாங்க மறந்து வெறும் சோற்றோடு போய் உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சுங்கைப் பட்டாணிக்கு வெளியே, அதுவரை ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில், அந்த மின்னணுத் தொழிற்சாலை வந்திருந்தது. எனக்கு இருபது வயது. செமிலிங் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து ஏழு பெண்கள் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தோம். உருப்பெருக்கிக்குள் பார்த்துக்கொண்டே, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நகத்தளவு மின்னணுச் சில்லில் ஒட்டுவது என் வேலை. தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, குளிர்சாதனக் காற்று. ரப்பர்ப் பால் நாற்றமும் கொசுவும் இல்லாத வேலை என்பதால் தோட்டத்தில் எங்களைப் பார்க்கிற பார்வையே மாறியிருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

அந்த அமெரிக்கரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. தன்னை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சார் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதுதான் அவர் போட்ட முதல் உத்தரவு. உத்தரவு போட்டு மரியாதையை ஒழித்த மனிதர் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நாங்கள் ஏழு பேரும் அவர் பெயரை ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம்.

ஜூலை மாதம் அவர்கள் நாட்டுச் சுதந்திர நாள் வந்தது. கேன்டீனில் சிவப்பும் நீலமுமாகக் கிரீம் தடவிய பெரிய கேக்கை வெட்டினார்கள். அவர் ஒலிவாங்கியில் பேச, அலுவலகத்தில் ஒருவர் அதை மலாயில் சொன்னார். தன் நாட்டில் மனிதன் இன்னொரு மனிதனுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதில்லை, மனத்தில் இருப்பதை யாரிடமும் சொல்லலாம், பிடிக்காத இடத்தில் ஒருவரும் இருக்க வேண்டியதில்லை, இங்கேயும் தன் அறைக் கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கும் என்றார். நாங்கள் கைதட்டினோம்.

எங்கள் வரிசையில் பதினெட்டுப் பேர். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மர அட்டை. அது யார் கழுத்தில் தொங்குகிறதோ அவள் திரும்பி வரும்வரை மற்றவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கேக் தின்ற அன்றும் அட்டை ஒன்றுதான். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவர் தலைகுனிவதைப் பற்றிச் சொன்ன நிமிடத்திலிருந்து என் நினைப்பெல்லாம் அப்பாவிடம் போய்விட்டது.

அப்பா பால்மரம் வெட்டுகிறவர்; ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. பதினான்கு வயதில் கத்தியைப் பிடித்தார். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். தோட்டத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதில் போகும்போது தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் ஜீப் எதிரே வந்தாலும் பின்னால் வந்தாலும் அப்பா இறங்கிவிடுவார். சைக்கிளை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டு, புழுதி அடங்கும்வரை நிற்பார். பிறகுதான் ஏறுவார். வெள்ளைக்காரத் துரைகள் காலத்துப் பழக்கம் அது. வெள்ளைக்காரர்கள் போய் நம்மைப் போன்ற நிறத்தில் துரை வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தோட்டத்து இளவட்டங்கள் யாரும் இறங்குவதில்லை. சிலர் மணியடித்துவிட்டுக்கூடப் போவார்கள். அப்பாவும் அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேரும் மட்டும் இறங்கினார்கள். இறங்கு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. இறங்காமல் போகலாம் என்றும் யாரும் சொன்னதில்லை.

சிறுவயதில் எனக்கு அது ஒன்றுமாகவே தெரியவில்லை. கேன்டீன் வரிசையைப் பார்த்த பிறகு பொறுக்க முடியாமல் போயிற்று. அவ்வளவு பெரிய மனிதர் என் பின்னால் தட்டோடு நிற்கிறார், என் அப்பா ஒரு ஜீப்புக்காகப் புழுதியில் நிற்கிறார் என்று மனம் அடித்துக்கொண்டது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் அமெரிக்கர் அப்படி, அவர்கள் நாடு அப்படி என்று சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பேச்சு. அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்பார். ஒரு தடவை, அந்த ஆளுக்குக் குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சுங்கைப் பட்டாணி மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். வீட்டிலிருந்து பெரிய சாலைவரை சைக்கிளில் போய், அதைக் காப்பிக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போலப் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தோட்டத்து மண்சாலையில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே ஜீப் வந்தது. அப்பாவின் கால் மிதிப்பதை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. சைக்கிள் ஓரமாகச் சாயத் தொடங்கியது.

"எறங்காதீங்கப்பா" என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. அவர் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் ஒரு தடவை தள்ளாடியது. பிறகு அப்பா மிதித்தார். ஜீப் எங்களை ஒட்டிக்கொண்டு போனது. ஓட்டியவர் துரை, பக்கத்தில் மண்டோர், அதாவது வெட்டுக்காரர்களை மேய்க்கிறவர். மண்டோர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். புழுதி எங்கள் மேல் வந்து விழுந்தது. அப்பா சாலைவரை மிதித்துக்கொண்டே போனார். என் கையில் இருந்த சட்டைத் துணி ஈரமாகிவிட்டிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு என்ன வெயில்.

அன்றைய பூசையில் என் மனம் துள்ளிக்கொண்டிருந்தது. மறுநாள் தொழிற்சாலையில் என் பக்கத்து நாற்காலிக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அதை வரிசை முழுக்கப் பரப்பினாள். நான் ஏதோ தேர்தலில் ஜெயித்தவளைப் போல நடந்துகொண்டேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதற்கு மூன்றாவது வாரம் விடிகாலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில், அப்பாவின் நிரையை மாற்றினார்கள். நிரை என்பது ஒருவருக்கென்று ஒதுக்கிய மரங்கள். அப்பாவின் நிரை வீடுகளுக்குப் பின்னாலேயே சமதரையில் இருந்தது. இருபது வருடம் அதே மரங்களை வெட்டியிருந்தார். எந்த மரம் மழைக்குப் பிறகு அதிகம் சுரக்கும், எந்த மரத்தடியில் எறும்புப் புற்று என்று அவருக்குத் தெரியும். புதிதாகக் கொடுத்தது மேட்டுப் பக்கம். கிழட்டு மரங்கள், செங்குத்தான சரிவு. பால் வாளிகளை இரண்டு முனையிலும் மாட்டித் தோளில் சுமக்கிற காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் கால் வைத்து இறங்க வேண்டும். இருபத்தைந்து வயதுப் பையன்களே அங்கே போகச் சலித்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு ஐம்பத்தொன்று.

காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மளிகைக்கடை வாசலில் மண்டோரைப் பிடித்து, தோட்டத்தில் எத்தனையோ பேர் இறங்காமல் போகிறார்களே, அவர்களுக்கெல்லாம் இல்லாத மேடு அப்பாவுக்கு மட்டும் எதற்கு என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சொன்னார்.

"அவனுங்க என்னைக்கும் எறங்குனதில்ல. அதுல ஒண்ணும் இல்ல. ஒங்கப்பன் முப்பது வருஷமா எறங்குன ஆளு. அன்னைக்கு எறங்கலன்னா அதுக்கு என்னா அர்த்தம், நீயே சொல்லு."

அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இல்லைதான். ஆனால் அவர் அப்பாவைச் சரியாகப் படித்திருந்தார். நான்தான் படிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அமெரிக்கரின் அறைக்குப் போனேன். கதவு திறந்தேதான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அவர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஜீப், சைக்கிள், மேட்டு நிரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உன் அப்பாவைப் பார்த்துக் கைகுலுக்க வேண்டும் என்றார். பிறகு, சரியாக நடத்தாத இடத்தில் அவர் ஏன் இருக்கிறார், வேலையை விட்டுவிடச் சொல் என்றார். வீடு தோட்டத்துடையது, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்றேன். அது அவருக்கு விளங்கவில்லை. தனக்குச் சொந்தமில்லாத வீட்டில் ஒருவர் எதற்காக இத்தனை வருடம் இருக்கிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் ஏளனம் செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தன் அப்பா வேலை பிடிக்காதபோதெல்லாம் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று சொன்னார். தான் பள்ளி முடிப்பதற்குள் ஏழு ஊர் மாறியதாகவும், எங்கேயும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் குரல் தணிந்தார். அவருடைய அப்பா கடைசியாகப் போய்ச் சேர்ந்த ஊரில் அவரைத் தெரிந்தவர் யாருமே இல்லையாம். சவ அடக்கத்துக்கு வீட்டுச் சொந்தக்காரரும் பாதிரியாரும்தான் நின்றார்களாம். இவர் அப்போது ஆசியாவில் வேறொரு நாட்டில் வேலையில் இருந்தார், போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மணி அடித்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் அவரையே வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அட்டைப்பெட்டியோடு வந்து வரிசை வரிசையாகக் கைகுலுக்கினார். இனி எங்கே என்று என் பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். இன்னும் தெரியாது என்று சிரித்தார். அதை அன்றைக்குப் பொறாமையோடு பார்த்தேன். அவர் அப்பாவின் அடக்கம் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவே இல்லை.

அப்பா மேட்டில் ஒன்றரை வருடம் வெட்டினார். முதலில் வலது மூட்டு வீங்கியது. சாயங்காலத்தில் சுடுதண்ணீர் ஒற்றடம் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய நிரையைத் திருப்பிக் கேளுங்கள் என்றேன், தொழிற்சங்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்றேன். எதையும் செய்யவில்லை. ஒரு மழைக்காலத்தில் சரிவில் வாளிகளோடு விழுந்தார். எலும்பு முறியவில்லை; ஆனால் அந்தக் கால் அதற்கப்புறம் மடங்கவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, இனி வெட்ட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கிராணி எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கணக்குவழக்கும் ஆள்கணக்கும் பார்க்கிறவர், கெட்டவர் இல்லை. அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா நின்றார். தோட்டத்து வீட்டில் குடியிருந்தால் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும், இது தன் கையில் இல்லை என்று விளக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொண்ணு பேரு குடுத்தா வீடு இருக்கும். சமதரை நெரையா பாத்துத் தர்றேன். யோசிச்சு சொல்லும்மா."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட வேண்டியிருக்கவில்லை.

"நான் மரம் வெட்ட மாட்டேன்" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அதிகாலை நாலரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதுவரை மரத்தைச் சுற்றி வர நான் பிறக்கவில்லை. ஆனால் அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து சொல்லியிருக்கலாம். வெளியே வந்து நடக்கும்போது அப்பா, சரியாத்தாம்மா சொன்னே என்றார். அவர் நொண்டி நடந்ததால் நான் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. அந்த நடையை என்னால் மறக்க முடியவில்லை.

சுங்கைப் பட்டாணியில் ஒரு வரிசை வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தேன். முன்பக்கம் இரும்புக் கம்பிக் கதவு, எதிரே இன்னொரு வரிசை வீடு, இடையில் சிமென்ட் சாலை. சீனர்களும் தமிழர்களும் குடியிருந்தார்கள். எல்லாரும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்பா நாலரைக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சைக்கிள் பின்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் காலால் மிதிக்க முடியாது.

வந்த இரண்டாவது மாதம் பூசை முடிந்து ஒரு தோழி வீட்டுக்கு வந்தாள். பசியாறும்போது நான் வழக்கம்போல அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை எடுத்தேன். துரை ஜீப்புக்கே எங்கப்பா இறங்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அப்பாவை மரியாதையோடு பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் போன பிறகு, தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

"நான் எறங்கத்தாம்மா பாத்தேன். நீ சட்டையப் புடிச்சிருந்தே."

தட்டைக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு நின்றேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இத்தனை நாளும் அவர் ஒரு நாளாவது சுதந்திரமாக இருந்தார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் கணக்கில் அவருக்கு நடந்த எல்லா நஷ்டத்துக்கும் அந்த ஒரு நாள்தான் ஈடு. அது அவருடைய நாளே இல்லை. அதுவரை துரைக்குப் பயந்தவர், அன்றைக்கு எனக்குப் பயந்திருக்கிறார். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் அவர் மேலேயே பாய்ந்தேன். அதெல்லாம் போகட்டும், இனி துரையும் இல்லை, மண்டோரும் இல்லை, பெரட்டும் இல்லை, இனிமேல் எல்லாம் உங்கள் இஷ்டம் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். அவர் சரி என்றார்.

மறுநாள் காலை நான் அவசர அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை பஸ் முக்கில் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அப்பா சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். நான் செருப்பை மாட்டும்போது கேட்டார்.

"இன்னைக்கி நான் என்ன செய்யணும்மா?"

பஸ் மறுபடியும் ஹார்ன் அடித்தது. நேற்றுச் சொன்னதுகூட மண்டையில் ஏறவில்லையா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது.

"ஒண்ணும் செய்ய வேணாம். போய்ப் படுங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. நான் மூடி வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது. காய்ச்சலோ என்று பயந்துபோய் அறைக்குள் ஓடினேன். அப்பா காலையில் போட்டிருந்த சட்டையோடு படுக்கையில் மல்லாந்து படுத்திருந்தார். கண் விழித்துத்தான் இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை.

"எந்திரிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.